ரெண்டாவது ஆள் யார்?

ரிலீஸான அன்று சாயங்காலத்துக்குள் ஒரு சினிமாவைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிறோம். நாவலுக்கு விமர்சனம் உண்டு, கச்சேரிக்கு உண்டு. ஓட்டல் சாம்பாரில் போட்டது துவரம்பருப்பா பாசிப்பருப்பா என்று பத்து வரி எழுதவும் ஆள் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரி கண் விழித்து, மாதக்கணக்கில் எழுதிய ஒரு சின்ன ப்ரோகிராமுக்கு ஒழுங்கான விமர்சனம் தமிழில் படித்திருக்கிறீர்களா? ‘பயனுள்ள முயற்சி, வாழ்த்துகள்’ என்பது விமர்சனம் இல்லை. அது மொய்.

இந்த வாரம் அந்தப் பாக்கியைக் கொஞ்சம் தீர்க்கலாம் என்று உத்தேசம்.

காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்குப் பட்டு, கோயில், இட்லி ஞாபகம் வரும். வரிசை உங்கள் பசியைப் பொறுத்தது. லினக்ஸ் நிச்சயம் ஞாபகம் வராது. ஆனால் ‘காஞ்சி லினக்ஸ் பயனர் குழு’ என்று ஒன்று 2006-லிருந்து இருக்கிறது. சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இணையம் வழியாகக் கூடி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். கட்டணம் கிடையாது. பேச்சு தமிழில். லினக்ஸ் என்றால் என்ன என்பவர்களுக்கு: 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், ‘இது சும்மா என் பொழுதுபோக்குக்கு’ என்கிற தோரணையில் அறிவித்து ஆரம்பித்த சமாசாரம். இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது அதுதான். பொழுதுபோக்கை அலட்சியமாகப் பார்க்காதீர்கள்.

இந்த மாதிரிக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் சுவாரசியமான பகுதி ஒன்றுதான். ‘இந்த வாரம் நான் என்ன செய்தேன்’ என்று ஒவ்வொருவரும் சொல்வது. பாங்க் கிளார்க், கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர் என்று யாராகவும் இருக்கலாம். யாரும் சம்பளம் தரவில்லை, யாரும் கேட்கவில்லை, இருந்தும் தனக்கென்று ஒரு ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருப்பார். அவருடைய வாராந்தர அறிக்கையை ஓர் இலக்கிய வகையாகவே வைத்துப் பார்க்கலாம். இதில் மூன்று ஜாதி உண்டு.

முதலாவது, ராஜகோபுர ஜாதி. தமிழுக்கு அகராதி, எழுத்துப்பிழை திருத்தி, மொழிபெயர்ப்பு, பேச்சு எல்லாம் சேர்ந்த ஒரே மென்பொருள் செய்யப் போகிறேன் என்பார். படம் எல்லாம் பிரமாதமாகப் போட்டுக் காட்டுவார். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பினார். அவரிடம் ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. நம்மவரிடம் இருப்பது ஞாயிறு மத்தியானம்.

இரண்டாவது, அத்தி வரதர் ஜாதி. ஒரு வாரம் அமர்க்களமாக வருவார், அப்புறம் குளத்துக்குள் போய்விடுவார். பெருமாளாவது 1979-க்குப் பிறகு சொன்னபடி 2019-ல் எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்தார். இவர்கள் தேதி சொல்வதில்லை.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. முழக்கணக்கு ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மொய்க் கணக்கு ப்ரோகிராம் எழுதுகிறவர் இப்படிச் சொல்வார்: ‘போன வாரம் ஒரே ஊரில் ரெண்டு முருகேசன் வந்தா கொழப்பிடுச்சு. அப்பா பேரையும் சேத்துத் தேடற மாதிரி மாத்தினேன். இப்ப அம்மா தானே பாத்துக்கறாங்க.’ இதில் எல்லாம் இருக்கிறது பாருங்கள். யார் உபயோகிக்கிறார் என்பது இருக்கிறது. எங்கே இடித்தது, என்ன மாற்றினார், மாற்றியது பலித்ததா என்பதும் இருக்கிறது. ‘எழுபது சதவிகிதம் முடிந்தது’ என்ற வாக்கியத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எழுபது சதவிகிதம் முடிந்த பாலத்தில் நீங்கள் பஸ் ஓட்ட முடியுமா?

பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு பழைய சங்கதி தெரியும். குறிப்பேடு வேறு, இருப்புநிலைக் குறிப்பு வேறு. அன்றாட வரவு செலவு குறிப்பேட்டில் ஏறும். கடைசியில் கடை நிற்குமா விழுமா என்பதை இருப்புநிலைக் குறிப்புதான் சொல்லும். வாராந்தர அறிக்கை குறிப்பேடு. அதை எழுதத் தமிழில் ஆள் உண்டு. வருஷக் கடைசியில் உட்கார்ந்து சொத்து என்ன, கடன் என்ன என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த வேலைக்குப் பெயர்தான் விமர்சனம்.

ரெண்டு உருப்படியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம்.

முதல் உருப்படி, ‘எழில்’. தமிழிலேயே ப்ரோகிராம் எழுதுவதற்கான கணினி மொழி. செய்தவர் முத்து அண்ணாமலை, அமெரிக்காவில் பொறியாளர். 2009-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிற்பாடு மொழியையே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் தெரியவில்லையே என்ற பயமில்லாமல் ப்ரோகிராமிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். வேலை நேரம் போக மிச்சமிருந்த பொழுதில் வளர்ந்த பிள்ளை.

இதில் முதல் தரமான விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலக் கணினி மொழிகளில் ‘இஃப்’ முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். தமிழ் வாக்கியம் அப்படி நடக்காது. ‘மழை பெய்தால் குடை எடு’ என்கிறோம். ‘ஆல்’ கடைசியில்தான் ஒட்டும். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு ‘ஆனால்’ என்று போட வேண்டும். ‘@(மழை == 1) ஆனால்’ என்று ஆரம்பித்து, செய்ய வேண்டியதைச் சொல்லி, ‘முடி’ என்று முடிக்க வேண்டும். ஆங்கில மொழி ஒன்றின் சொற்களைப் பெயர்த்து வைத்துவிட்டுத் தமிழ் என்று சொல்லாமல், வாக்கியத்தின் முதுகெலும்பையே திருப்பி வைத்திருக்கிறார். இதை யாராவது உட்கார்ந்து பாராட்டியிருக்க வேண்டும்.

இப்போது இடிக்கிற இடம். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல ‘வரை’ என்ற சொல்லை வைத்திருக்கிறார். நிபந்தனை உண்மையாக இருக்கும் காலமெல்லாம் செய் என்று அர்த்தம். ‘உயிர் உள்ள வரை’ என்பது போல. சரிதான். ஆனால் ‘சாகும் வரை’ என்றும் நாம் சொல்கிறோமே? அங்கே அதே ‘வரை’ எதிர்த்திசையில் வேலை செய்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் எந்த வரையை எடுத்துக்கொள்வான்? அடுத்து ‘ஆக’. ஆங்கில ‘ஃபார்’ என்ற சொல்லுக்கு நிகராக வைத்தது. ‘உனக்காக எல்லாம் உனக்காக’ என்கிற ‘ஆக’. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணு என்பதற்கும் அதற்கும் தமிழில் என்ன பந்தம்? ஆங்கிலத்திலேயே அந்த ‘ஃபார்’ ஒரு மரபுதான். அந்த மரபைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் தமிழில் வெறும் ஓசைதான் மிஞ்சும். விடையைத் திருப்பித் தருவதற்குப் ‘பின்கொடு’. திருநெல்வேலியிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் யாரும் யாரிடமும் எதையும் பின்கொடுப்பதில்லை. திருப்பிக் கொடுப்பார்கள், அதுவும் கேட்டால்.

எழிலின் நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் தீர்ப்பு. தமிழைக் கையாளும் போது எழுந்த சில்லறைத் தொந்தரவுகளுக்கு மருந்தாக ‘ஓப்பன் தமிழ்’ என்ற ஒரு கருவித் தொகுப்பு வளர்ந்தது. அதன் அருமை தெரிய ஒரு கணக்குப் போடுங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். யூனிகோட் முறையில் கம்ப்யூட்டரைக் கேட்டால் ஐந்து என்னும். அதற்கு ‘மி’ என்பது ‘ம’ ஒன்று, கொக்கி ஒன்று. ‘ழ்’ என்பது ‘ழ’ ஒன்று, புள்ளி ஒன்று. இந்த லட்சணத்தில் சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் புள்ளியைத் தனியாகப் பிய்த்து முதலில் வைக்கும். வெண்பாவுக்கு அசை பிரிக்கவோ, குறுக்கெழுத்துப் போட்டி செய்யவோ, அகர வரிசைப்படுத்தவோ, எதற்குப் போனாலும் முதலில் இந்தக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். ஓப்பன் தமிழ் அதைச் செய்து வைத்திருக்கிறது. மொழி என்ற ராஜகோபுரத்தைப் பார்க்கப் போனவர்கள், பக்கத்தில் வெட்டிய கிணற்றில் தண்ணீர் குடிக்கலாம். கிணறும் ஒரு சாதனைதான்.

இரண்டாவது உருப்படி காஞ்சிக்கு நெருக்கமானது. த. சீனிவாசன் என்பவர் காஞ்சிக் குழுவோடும், 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ இதழோடும் சேர்த்து அறியப்பட்டவர். 2015 வாக்கில் அவர் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினார். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தைக் கொடுத்தால் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் கூகுளின் எழுத்துணரிக்கு அனுப்பி, படமாக இருந்ததை எழுத்தாக வாங்கி, விக்கிமூலத்தில் அந்தந்தப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். ஆள் வைத்துச் செய்தால் ஒரு புத்தகத்துக்கே நாள் கணக்கில் ஆகிற குமாஸ்தா வேலை. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் தேடக்கூடிய எழுத்தாகக் கிடைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மென்பொருளாகப் பார்த்தால் இதில் வித்தை ஒன்றும் இல்லை. அதுதான் இதன் அழகு. இருக்கிற மூன்று நான்கு குழாய்களை இணைத்து ஒரு வாளியை அடியில் வைத்தார், நிரம்பியது. குறை? கட்டற்ற மென்பொருள் என்று கொடி பிடிக்கிற முகாமின் வேலைக்குக் கீழே கூகுள் என்ற தனியார் கம்பெனியின் கதவு இருக்கிறது. அவர்கள் என்றைக்கு ‘இனிமேல் இலவசம் இல்லை’ என்று சொன்னாலும் வாளி காலி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கடன் பத்தியில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

‘இதெல்லாம் ஆர்வக்கோளாறுகள் பாடு, நமக்கென்ன?’ என்று நீங்கள் கேட்டால், உங்கள் கையில் இருக்கிற போனைப் பாருங்கள். அதில் தமிழ் வந்தது எப்படி? மலேசியாவில் முத்து நெடுமாறன் எண்பதுகளில் தனியாக ஆரம்பித்தது ‘முரசு’. இன்று ஆப்பிள் சாதனங்களில் வரும் தமிழ் எழுத்துருவின் பெயர் ‘சங்கம் எம்என்’. எம்என் என்றால் அவர்தான். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் ஓய்வு நேரத்தில் ‘மயிலை’ எழுத்துரு செய்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிச் சங்க நூல்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். 2000-களின் தொடக்கத்தில் முகுந்தராஜின் ‘இ-கலப்பை’ வந்தது. தமிழில் டைப் அடிக்க ஒரு தலைமுறை அதைப் பிடித்துத்தான் உழுதது. அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும் பந்திக்கு வந்தபோது இலை போட்டுப் பரிமாறியிருந்தவர்கள் இவர்கள்.

இப்போது அடுத்த பக்கம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் ஆளுக்கொரு எழுத்து முறை இருந்தது. டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று. அப்போது கம்ப்யூட்டரில் அடித்து வைத்த கதையை, ஊர் வரலாற்றை, அப்பாவின் நினைவுக் குறிப்பை இப்போது திறந்து பாருங்கள். உரிய எழுத்துரு இல்லையென்றால் ஐரோப்பிய எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்த உப்புமாதான் தெரியும். அதை மறுபடி தமிழாக்க, சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ போல யாரோ ஒரு தனிமனிதர் ஓய்வு நேரத்தில் எழுதிய மாற்றியைத்தான் தேடிப் போக வேண்டும். அவர் அலுத்துப்போய் விட்டுவிட்டால்? அவர் கம்ப்யூட்டரை மாற்றினால்? சாவி ஒரே ஒருத்தர் இடுப்பில் இருக்கிற வீடு இது.

இது தமிழுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 2024 மார்ச்சில் உலகத்துக்கே ஒரு தடவை வியர்த்தது. ‘எக்ஸ்இசட்’ என்று கோப்புகளைச் சுருக்கி வைக்கிற ஒரு சின்ன ப்ரோகிராம். எண்ணற்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் ஒரே ஆள், சம்பளம் இல்லாமல். களைத்துப்போயிருந்தார். ‘நான் உதவுகிறேன்’ என்று ஒருவர் வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் உள்ளே ஒரு கள்ளச்சாவியைச் செருகினார். மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், ‘லாகின் ஆக அரை விநாடி ஏன் அதிகமாகிறது?’ என்று குடையப் போய்ப் பிடித்தார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். இதில் நமக்குப் பாடம் ஒன்றுதான். தனியாளுக்குப் பக்கத்தில் ரெண்டாவது ஆள் நல்லவராகப் போய் உட்காராவிட்டால், வேறு யாராவது போய் உட்காருவார்.

ரெண்டாவது ஆள் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துத் தறியைக் கேட்டால் சொல்லும். உடல் ஒரு கலர், பார்டர் வேறு கலர். ரெண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடா ஓடும். ஒரு நெசவாளி தனியாக உட்கார்ந்து அத்தனையையும் வீச முடியாது. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து பார்டர் நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய குழந்தைகளை உட்கார வைத்தார்கள் என்பது அந்த ஊரின் பழைய வடு. இப்போது துணைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதால் கோர்வை குறைகிறது. தறியும் இருக்கிறது, கை நேர்த்தியும் இருக்கிறது, பக்கத்து இடம் மட்டும் காலி.

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் ரத்த சம்பந்தமே உண்டு. 1804-ல் பிரான்ஸில் ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் தறிக்குப் பூப்போடக் கற்றுக் கொடுத்தார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை வைத்தார். அட்டையில் ஒரு துளை தப்பானால் அந்த அட்டை வரும்போதெல்லாம் பூவில் அதே ஊனம் விழும். அட்டையை முறைத்துப் பார்த்தால் தெரியாது, துணியில்தான் தெரியும். ப்ரோகிராமும் அப்படியே. எழுதியவர் அட்டையைப் பார்க்கிறார். உபயோகிக்கிறவர்தான் துணியைப் பார்க்கிறார்.

‘இப்பத்தான் ஏஐ வந்திருச்சே சார், சொன்னா பத்து நிமிஷத்துல எழுதித் தந்துடுதே, வாரா வாரம் என்ன ரிப்போர்ட்டு?’ என்று ஒரு கட்சி உண்டு. எழுதித் தருகிறது, நிஜம்தான். மலிவானது எழுதுகிற வேலை மட்டும். ரெண்டு முருகேசன் வந்தால் குழம்பும் என்பதைக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்த அம்மாதான் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் போன் மாறும்போது, விதி மாறும்போது, அதைத் திறந்து சரிசெய்ய ஒரு மனிதர் வேண்டும். எழுதுவது எவ்வளவு சுலபமாகிறதோ அவ்வளவு அனாதைகள் பெருகும். விமர்சகனுக்கு வேலை கூடத்தான் போகிறது.

ஆகவே, வாசக அன்பர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். ப்ரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பட்டுப் புடவை வாங்கப் போகிற நம் வீட்டுப் பெண்களுக்கு நெய்யத் தெரியுமா? தெரியாது. ஆனாலும் புடவையைப் புரட்டி, பின்பக்கம் பார்டர் சேருமிடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘வேற காட்டுங்க’ என்று சொல்வார்கள். அந்த ஊரில் தரம் தாக்குப்பிடித்ததில் அந்த விரலுக்கும் பங்கு உண்டு. அதேபோல ஒரு தனிமனிதர் செய்த தமிழ்க் கருவி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அகராதியோ, எழுத்து மாற்றியோ, பஞ்சாங்கமோ. ஒரு வாரம் நிஜமான வேலைக்கு உபயோகியுங்கள். பிறகு செய்தவருக்கு நாலு வரி எழுதுங்கள். எதற்காக எடுத்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், உங்களுக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று.

‘அருமை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது அவருக்கு நிறையக் கிடைத்திருக்கும். எங்கே மாட்டியது என்பதுதான் அவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.